என் கைக்கு வந்த மண்வெட்டி

காஞ்சிபுரத்துக்கு நான் போனது இரண்டு காரியத்துக்காக. ஒன்று, பேத்தி கல்யாணத்துக்கு முகூர்த்தப் பட்டு. கடையில் அடுக்கி வைத்ததை எடுப்பது எனக்குப் பிடிக்காது. தறியில் இருக்கும்போதே பார்த்துச் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, மலேசியாவில் எங்கள் கேமரன் மலைக் கோயில் சங்கம் அந்தப் பக்கத்துச் சிறு விவசாயிகளின் பயிற்சிக்கு உதவி செய்து வந்தது. அது எப்படி நடக்கிறது என்று நேரில் பார்த்துவர ஆள் வேண்டும் என்றார்கள். சங்கத்தில் மண் தொட்டவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாம் கோட்டு போட்டவர்கள்.

என்னைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பேச்சு முடிந்தது. மலையேறிப் போய் ஒரு சீனத் தவுக்கையின், அதுதான் முதலாளியின், கோஸ் தோட்டத்தில் கூலிக்குச் சேர்ந்தேன். இன்று அந்தத் தோட்டத்தை நடத்துவது நான். அந்தத் தவுக்கையின் மகன் என்னிடம்தான் தக்காளி வாங்குகிறான். என் தாத்தா செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறியவர் என்பார்கள். எந்த ஊர் என்று தேடிப் போகிற புத்தி எனக்கு இல்லை. சோறு போடாமல் அனுப்பிய ஊரைக் கண்டுபிடித்து என்ன செய்ய? கட்டிக்கொண்டு அழவா?

பெரிய காஞ்சிபுரத்தில் தங்கினேன். முதல் நாள் காலையில் அந்த ஊர் இட்லியைத் தின்று பார்த்தேன். மந்தார இலையில் வேகவைத்து, மிளகும் சுக்கும் போட்டு, கட்டியாக ஒரு துண்டு. எங்கள் ஊர்ப் பரோட்டா, அந்த ரொட்டி சானாய் மாதிரி வாயில் ஓடவில்லை. ஆனால் மத்தியானம் வரை பசி எட்டிப் பார்க்கவில்லை. வேலை செய்கிறவனுக்கு ஏற்ற பண்டம். டீயைப் பற்றிப் பேச வேண்டாம். சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு கிளாசில் தருகிறார்கள். எங்கள் ஊரில் அந்த அளவை மருந்துக்குத்தான் கொடுப்போம்.

விடுதி வாசலில் ஆட்டோ வைத்திருந்த பஷீர் பாயை அன்றே பிடித்துக்கொண்டேன். ஐம்பது வயதுக்காரர். வாய் சும்மா இருக்காது.

"நாஷ்டா ஆச்சா ஐயா? ஏறுங்க. பட்டா, கோயிலா?"

"இரண்டும் இல்லை. தறி."

"தறிக்கா? கடைக்கு இட்டுக்கினு போனா எனக்கு டிபன் காசாவது தேறும். தறிக்காரன் தண்ணிதான் குடுப்பான்" என்று சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்தார்.

நெசவாளர் சண்முகம் வீட்டில் நுழைந்தபோது அவரும் மனைவியும் தறியில் இருந்தார்கள். அவர் நடுவில், அந்தம்மா பக்கத்தில் புடவைக் கரைக்கு நாடாக் கட்டையைத் தள்ளிக்கொண்டு. என்னைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

"வாங்கய்யா, அப்படி உக்காருங்க. இதோ வந்துர்றேன்."

அந்த 'இதோ' முடிகிற வழியைக் காணோம். நான் காத்திருந்து பழகியவன் இல்லை. என் தோட்டத்துக்கு லாரிக்காரன் வந்தாலும், வங்கி மேனேஜர் வந்தாலும், அவர்கள்தான் எனக்காகக் காத்திருப்பார்கள். கடைசியில் கேட்டேவிட்டேன்: "நான் யார் தெரியுமா?"

"தெரியுமே. மலேசியாவுலருந்து வந்துகிறீங்க, போன்ல சொன்னாங்க" என்றார் தலையைத் தூக்காமல். "ஆனா கரை சேர்ற எடம்யா இது. பாதியில கைய எடுத்தா கோடு வுழுந்துடும். கல்யாணத்தன்னிக்கு அந்தக் கோடுதான் தெரியும். நான் எந்திரிச்சு உங்களுக்கு வணக்கம் வச்சது தெரியாது."

அந்தம்மா சிரித்தார். "எங்கண்ணன் மாப்புள பாக்க வந்தப்பகூட இந்த மனுசன் இப்படித்தான் உக்காந்துகினு இருந்தாருங்க. திமிரு புடிச்ச எடம்னு அப்பவே சொன்னான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனசுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். அப்புறம் சண்முகம் எழுந்து வந்து மயில் கழுத்து நிறத்தில் ஒரு பட்டை விரித்துக் காட்டினார். குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

மறுநாள் பயிற்சி நடந்த தென்னேரிக்கு. பயிற்சி நடத்தும் தொண்டு நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் அருண் காரோடு வந்தார். சட்டையில் அடையாள அட்டை, கையில் இரண்டு போன். வாலாஜாபாத் வழி முழுக்க ஜல்லி லாரிகள். எங்கள் மலையில் பனி மூடும். இங்கே தூசு மூடுகிறது. அந்தத் தூசுக்குள்ளேயே அருண் விளக்கிக்கொண்டு வந்தார்.

"நம்ம மாடலே கம்யூனிட்டி பார்ட்டிசிபேஷன்தான் சார். நாம எதையும் திணிக்கிறதில்ல. பிளான் பண்றதே ஃபார்மர்ஸ்தான்."

"நல்லது" என்றேன்.

தென்னேரி ஏரியைப் பார்த்ததும், பெரியதுதான் என்று ஒத்துக்கொண்டேன். கரைமேல் நின்றால் எதிர்க்கரை மங்கலாகத் தெரிகிறது. மாசிக் கடைசி. தண்ணீர் பாதிக்கும் கீழே இறங்கி, சேறு வெடித்திருந்தது. கரைக்கு இந்தப் பக்கம் மதகிலிருந்து வாய்க்கால் பிரிந்து வயல்களுக்கு ஓடுகிறது. மதகுக்குப் பக்கத்து நிலம் மேல்மடை. வாய்க்கால் முடிகிற இடம் கடைமடை. தேவகியின் நிலம் அந்தக் கடைசியில், சாலையை ஒட்டி இருந்தது.

தேவகிக்கு நாற்பது வயதிருக்கும். பயிற்சிக் குழுவின் தலைவி. புருசன் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் இரவுக் காவல். நிலத்தைப் பார்ப்பது இந்தம்மா ஒருத்திதான். நாங்கள் போனபோது மண்வெட்டியால் வரப்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

பயிரைப் பார்த்தேன். ஒற்றை நாற்றாக, கயிறு பிடித்து, இடம் விட்டு நட்டது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்த முறை. ஒவ்வொரு குத்தும் கை கொள்ளாமல் தூர் கட்டியிருந்தது. கதிர் வந்து பால் பிடிக்கிற பருவம். நான் சும்மா யாரையும் புகழ்கிறவன் இல்லை. "நல்ல பயிர்" என்றேன்.

"நட்டப்ப ஊரே சிரிச்சிச்சு ஐயா. தேவகிக்கு நாத்து வாங்கக்கூட வக்கில்ல, ஒண்ணொண்ணா நட்டுக்கினு இருக்குறாடான்னு. இப்ப வரப்புல நின்னு எண்ணிக்கினு போறானுங்க" என்று மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "இது மட்டும் வூட்டுக்கு வந்துட்டா, கம்பெனி கேன்டீன்ல தட்டு கழுவற வேலைக்கு ஒரு கும்புடு. பொழுது விடியறதுக்கு முன்னாடி வேனு ஏத்திக்கினு போவான், இருட்டினப்பறம் எறக்கி வுடுவான். நெலத்த யாரு பாக்குறது? இந்தப் போகத்துக்குத்தான் வேலைய வுட்டுட்டு நிக்கறேன்."

"தண்ணீர்?" என்று கேட்டேன். விவசாயி கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

"நாளைக்கு எனக்கு மொறை. இன்னும் ஒரு தண்ணி. அது போதும், நெல்லு முத்திக்கும். அதுக்கடுத்த சுத்து வர்றதுக்குள்ள ஏரி மதகு வாய்க்குக் கீழ எறங்கிடும்."

"நாளைக்குத்தானே பயிற்சி நிறைவு விழா? நீ அங்கே இருக்க வேண்டாமா?"

"அதான் மம்பட்டி இருக்குதே" என்று மண்வெட்டியைக் காட்டிச் சிரித்தார். "ஊருக்குத் தண்ணி பிரிச்சு வுடற நீர்க்கட்டி ஏழுமல உச்சி சாய வாய்க்கால தெறந்துக்கினே வருவாரு. அவுங்கவுங்க மடையில மம்பட்டி நட்டு இருந்தா ஆளு நின்ன மாதிரி. தண்ணிய வுட்டுட்டுப் போவாரு. மம்பட்டி இல்லன்னா வேணாம்னு அர்த்தம். அடுத்த நெலத்துக்குப் போயிடுவாரு. காலையில நட்டுட்டு வந்துருவேன்."

அந்த மண்வெட்டியை வாங்கித் தூக்கிப் பார்த்தேன். எடை சரியாக இருந்தது. கைப்பிடி முழுக்க ஊதா நிறப் பட்டு நூல் சுற்றியிருந்தது. டவுனில் தறிக்காரர்கள் கழித்துப் போடுகிற நூலாம். கொப்புளம் வராது என்றார். அருண் அதை இரண்டு போனிலும் படம் பிடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள்தான் விழா. பயிற்சி நிறைவும், நெல் காயப்போடும் களத்துக்குப் பூமி பூஜையும். காலை பத்து மணிக்கு என்று அழைப்பிதழில் இருந்தது. என்னை அழைத்துப்போக வேண்டிய கார் யாரோ ஒரு அதிகாரியை அழைக்கப் போய்விட்டது. சரி போ என்று பஷீர் பாய் ஆட்டோவில் ஏறினேன்.

அன்று காமாட்சியம்மன் தேர். எந்தத் தெருவில் திரும்பினாலும் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். "அம்மா ஊர்வலம் போறப்ப நாம ஒதுங்கித்தான் நிக்கணும்" என்றார் பாய். ஒதுங்கித்தான் நின்றோம். ஒருவழியாக ஊரைத் தாண்டினால் லாரி வரிசை. அதற்குள் கிளட்ச் ஒயர் அறுந்தது. பாய் ரோட்டோரம் குத்தவைத்து ஏதோ கம்பியைக் கடித்து முறுக்கினார்.

"எங்கள் ஊரில் இப்படி வண்டியை ரோட்டுக்கே விடமாட்டார்கள்" என்றேன்.

"அரே ஐயா, உங்க ஊர்ல வண்டி ஓடும். எங்க ஊர்ல நாங்க ஓட்டறோம்" என்றார் பாய்.

அருண் இடைவிடாமல் போனில் கூப்பிட்டார். "அவசரமே இல்ல சார், பொறுமையா வாங்க. எல்லாரும் உங்களுக்காகத்தான் வெயிட் பண்றாங்க. நீங்க வராம ஆரம்பிக்கவே மாட்டோம்." பொய் சொல்வானேன், கேட்கச் சுகமாகத்தான் இருந்தது.

போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வாசலில் என் படம் போட்ட பேனர். மாலை, மேளம். நேரே விழாக் கூடத்துக்குப் பக்கத்தில் களம் கட்டப்போகிற இடத்துக்கு இழுத்துப் போனார்கள். ஐயர் காத்திருந்தார், தேங்காய் காத்திருந்தது, கேமரா காத்திருந்தது. மண்வெட்டி மட்டும் இல்லை. ஊர் மொத்தமும் கூடத்துக்குள் உட்கார்ந்திருந்தது. வீடெல்லாம் பூட்டு. அலுவலகப் பெண் ஒருத்தி ஸ்கூட்டியில் பறந்து போய், எங்கிருந்தோ ஒன்றைக் கொண்டுவந்தாள். அவசர அவசரமாகத் தகட்டில் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, என் கையில் கொடுத்தார்கள்.

மண்வெட்டி பிடிக்கிறதை எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். மற்ற விருந்தாளிகள் மாதிரி மண்ணைக் கிள்ளி வைக்கவில்லை. ஓங்கி வெட்டினேன். கட்டி பெயர்ந்து விழுந்தது. மேளக்காரன் தானாக வேகம் கூட்டினான். கைப்பிடி வழவழப்பாக இருந்தது தெரிந்தது. நான் கீழே பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூடத்துக்குள் போனோம். தரை முழுக்கக் கோலப்பொடியால் ஊர் வரைபடம். "மக்களே வரைஞ்சது சார்" என்றார் அருண். ஏரி நீலம், வயல் பச்சை, வாய்க்கால் வெள்ளை. நல்ல வேலைதான். ஆனால் விருந்தாளிகளின் சோபாக்களைப் போட வேறு இடமில்லாமல் படத்தின் ஒரு ஓரத்தில் போட்டிருந்தார்கள். வாய்க்கால் ஓடிவந்து என் செருப்புக்கு அடியில் மறைந்தது. கடைமடை முழுவதும் எங்கள் சோபாவுக்குக் கீழே.

பெண்கள் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. பின்வரிசையில் ஒரு கிழவர் சத்தமாகவே கேட்டார்: "மலேசியாவுலருந்து நடந்தே வந்துட்டாராப்பா?" கூடம் சிரித்தது. அவர்களுக்குப் பொட்டலத்தில் தக்காளி சாதம். எங்களுக்குப் பின்னறையில் இலை போட்டிருப்பதாக ஒருவர் என் காதில் சொல்லிவிட்டுப் போனார்.

அனுபவம் சொல்ல தேவகியைக் கூப்பிட்டார்கள். குழுத் தலைவி மேடையில் இல்லையென்றால் களம் வேறு ஊருக்குப் போய்விடும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார்களாம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தேவகி மைக்கைப் பிடித்தார். மனப்பாடம் செய்த பேச்சு.

"அனைவருக்கும் வணக்கம். இந்தப் பயிற்சிக்கு முன்னாடி நாங்க..." என்று தொடங்கி நன்றாகத்தான் போனது. அப்போது அலுவலகப் பெண் பூமி பூஜை மண்வெட்டியைக் கொண்டுவந்து, மாலை சுற்றி, என் முன்னால் மேசைமேல் வைத்தாள்.

தேவகி நிறுத்தினார். என்னைப் பார்க்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். என்னை இல்லை. மேசையைப் பார்த்தார். மாலைக்கு நடுவில் ஊதா நூல் சுற்றிய கைப்பிடி.

அருண் மெல்ல எடுத்துக்கொடுத்தார்: "எங்கள் வாழ்வில் புதிய..."

தேவகி அந்த வரியைச் சொல்லி முடித்தார். "எங்கள் வாழ்வில் புதிய விடியல் வந்துள்ளது. நன்றி." கைதட்டினார்கள். மைக்கை வைத்துவிட்டு நேரே மேசைக்கு வந்தார்.

"அய்யா, இத்த எங்கருந்து எடுத்தாங்க?"

நான் திரும்பி அலுவலகப் பெண்ணைப் பார்த்தேன். அவள் சிரித்த முகமாகவே சொன்னாள்: "ரோட்டோரமா வயல்ல சும்மா நின்னுட்டு இருந்துச்சுக்கா. ஃபங்ஷன் முடிஞ்சதும் அங்கேயே வச்சிடறேன்."

தேவகி மண்வெட்டியை மாலையோடு தூக்கிக்கொண்டு ஓடினார். நான் எழுந்தேன். "சார், அடுத்தது உங்க சிறப்புரை" என்று அருண் என் தோளைத் தொட்டார். என் வாழ்க்கையில் நான் பேசாமல் விட்ட மேடை அது ஒன்றுதான். பஷீர் பாய் வெளியில் ஆட்டோவில் பொட்டலச் சோறு தின்றுகொண்டிருந்தார். வழியில் தேவகியையும் ஏற்றிக்கொண்டோம். மண்வெட்டியை மடியில் கிடத்திப் பிடித்துக்கொண்டார்.

மடையடியில் மண்வெட்டி நட்ட குழி மட்டும் இருந்தது. தேவகியின் மடை அடைத்தபடி கிடந்தது. தண்ணீர் வாய்க்காலின் அந்தப் பக்கம் திரும்பி, எதிர்நிலத்தில் பாய்ந்துகொண்டிருந்தது. நீர்க்கட்டி ஏழுமலை வரப்பில் நின்றார்.

"ஏம்மா, வேணாம்னு நெனச்சேனே" என்றார், மாலை போட்ட மண்வெட்டியைப் பார்த்தபடி. "மம்பட்டியும் இல்ல, ஆளும் இல்ல. கொஞ்சம் நின்னுகூடப் பார்த்தேன். விழாவுல பெரிய ஆளாயிட்ட, மோட்டார் கீட்டார் குடுத்துட்டாங்களோன்னு கோயிந்தனுக்கு வுட்டேன்."

எதிர்நிலத்துக் கோவிந்தன் சேற்றில் நின்றபடி தலையைச் சொறிந்தார். கெட்ட ஆள் இல்லை. "என்னுதும் பால் புடிக்குதும்மா. நான் என்னா பண்றது?"

நான் முன்னால் போனேன். சும்மா நிற்க எனக்குத் தெரியாது. "என்ன வேண்டுமோ சொல்லுங்கள், நான் தருகிறேன். பாதித் தண்ணீரைத் திருப்பி விடுங்கள்" என்றேன்.

ஏழுமலை என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "ஐயா, இந்த வாய்க்கால்ல தண்ணிக்கு வெல சொன்னவன் எவனும் இல்ல. இன்னிக்கு நீங்க சொன்னா, நாளைக்கு உங்களவிடப் பெரிய ஆளு வந்து சொல்லுவான்."

கோவிந்தன்தான் கடைசியில், "பாதி வேணா வுடட்டுமா தேவகி?" என்றார்.

தேவகி வெட்டென்று சொன்னார்: "வேணாம்ணா. இன்னிக்கு நான் ஒன்கிட்ட பாதி வாங்கினா, நாளைக்கு மேமடைக்காரன் நம்ம ரெண்டு பேருகிட்டயும் பாதி கேப்பான். கடமடைக்கு இந்த மொறைய வுட்டா வேற என்னா இருக்குது? அத நானே ஒடைக்கட்டுமா?"

பிறகு மண்வெட்டியிலிருந்த மாலையைக் கழற்றி வாய்க்காலில் போட்டார். அது கோவிந்தன் நிலத்துக்குள் மிதந்து போனது. மஞ்சளையும் குங்குமத்தையும் முந்தானையால் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "நீங்க போங்கய்யா. எல போட்டு வச்சிருப்பாங்க."

திரும்பும்போது பாய் ரோட்டைப் பார்த்தே ஓட்டினார். ஊருக்குள் நுழைந்த பிறகுதான், "கூட்டா வேல செய்யறது எப்படின்னு கத்துக்குடுக்கத்தானே ஐயா இவ்ளோ செலவு பண்ணி வந்தீங்க?" என்று கேட்டார். கிண்டலா இல்லையா என்று அவர் முகத்தில் தெரியவில்லை.

ஊருக்குக் கிளம்பும் நாள் பட்டு வாங்கப் போனேன். சண்முகம் அன்றும் தறியில்தான் இருந்தார், அன்றும் எழுந்திருக்கவில்லை. "இதோ வந்துர்றேன்" என்றார். "உங்கள் வேலை முடியட்டும்" என்று நானே சொல்லி உட்கார்ந்துகொண்டேன். தேவகிக்கும் இந்தத் திமிர் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. வந்தவன் எவனாக இருந்தாலும், என் தண்ணீர் பாயட்டும், அப்புறம் வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தறிக்காரருக்கு நான் வெறும் வாங்க வந்தவன். தேவகிக்கு நான் கொடுக்க வந்தவன். கொடுக்க வந்தவனைக் காக்க வைக்க ஏழையால் முடியுமா?

பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது எதுவும் தப்பில்லை. அந்தப் பயிரே சாட்சி. நாள்தான் தப்பு. நாளைக் குறித்தது யார் என்று அருணிடம் கேட்டேன். "உங்க ஃபிளைட்டப் பார்த்துத்தான் சார் ஃபிக்ஸ் பண்ணோம்" என்றார். ஊர் வரைபடத்தை மக்கள் வரையலாம். நாளை மட்டும் நாங்கள் குறிப்போம்.

அறுவடைக் காலம் முடிந்ததும் தேவகிக்குப் போன் செய்தேன். பின்னால் வேன் இரைச்சல் கேட்டது.

"கதிரெல்லாம் நிமிந்து நின்னுச்சுங்கய்யா. பாத்தா ஜோராத்தான் இருந்துச்சு. கசக்கிப் பாத்தா உள்ள ஒண்ணுமில்ல, முக்காவாசி சாவி, வெறும் பதரு. வரப்புல நின்னு எண்ணினவனுங்க, நாங்க அப்பவே சொல்லலியான்னு கேட்டுட்டுப் போயிட்டானுங்க. அடுத்த போகம் எவனும் ஒத்த நாத்து நட மாட்டான்."

"களம்?"

"கட்டிட்டாங்க. பளபளன்னு இருக்குது. கல்லுல உங்க பேரு போட்டுகிறாங்க." யாரோ கூப்பிட்டார்கள். "கேன்டீன் வந்துருச்சு, எறங்கணும். வச்சிடறேன்யா."

நான் மண்வெட்டியை ஓங்குகிற படம் எங்கள் சங்கக் கட்டடத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம், இந்த வயதிலும் என்ன பிடி பாருங்கள் என்கிறார்கள். கைப்பிடியில் ஊதா நூல் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

போன வாரம் அருண் கூப்பிட்டார். இரண்டாம் கட்டப் பயிற்சியாம். தொடக்க விழாவுக்கு நாள் கேட்டார். "தேவகியைக் கேளுங்கள்" என்றேன்.

"அவங்களுக்கு எந்த நாளா இருந்தாலும் ஓகேதான் சார். நீங்க எப்ப ஃப்ரீன்னு மட்டும் சொல்லுங்க."